மேல்மாடியிலிருந்து விழுந்த துணிகள்

"பாக்க ஒரு மாதிரி இருக்கேடி," என்றார் உம்மா நூருன்னிசா, நாற்காலிகளை இழுத்துப் போட்டபடி.

"கலைன்னா அப்படித்தான் இருக்கும், உம்மா," என்று ஏணி மேலிருந்து சொன்னாள் முனீரா.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அவள் பிறந்து வளர்ந்த அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம் அது. சனிக்கிழமை காலை. தூணுக்குத் தூண் கயிறு கட்டி, நீலமும் வெள்ளையுமான நீளத் துணிகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். குடியிருப்பாளர் குழு வட்ட மேசைகளைத் தந்திருந்தது. கண்காட்சிக்கு வருகிறவர்கள் கொறிக்க உம்மா வேர்க்கடலையும் பாக்கெட் பானமும் வைத்திருந்தார்.

முனீரா சுவா சூ காங்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஓவியம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில், தேக்காச் சந்தையில் ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்த வாப்பா நிமிராமலே கேட்டார்: "படிச்சு முடிச்சா கடைக்கு போர்டு எழுதுவியா?" எழுதித்தான் கொடுத்தாள். அது இன்றும் கடையில் தொங்குகிறது.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடுமுறைகளில் அவள் வரைவதை விடவில்லை. நகரத்துக் காட்சிக்கூடங்களில் அவள் படைப்புகள் தொங்கின. வந்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்து "இன்ட்ரஸ்டிங்" என்றார்கள். அவளுடைய புளோக்கிலிருந்து ஒருவரும் போனதில்லை. யாருக்காக இதைச் செய்கிறேன் என்ற கேள்வி, வீடு திரும்பும் ரயிலில் ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது பள்ளியில் துறைத் தலைவர் பதவி தருகிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் கூட்டங்களே விடுமுறையையும் தின்றுவிடும். சொந்த வேலையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். அதனால் மாணவர்களுக்கு வைக்கும் பரீட்சையை இம்முறை தனக்கே வைத்துக்கொண்டாள். இந்த புளோக்கு மனிதர்கள் நின்று பார்த்தால் பதவி வேண்டாம். பார்க்காவிட்டால் கலை வேண்டாம்.

காற்றடித்தால், மேல்மாடிச் சன்னல்களுக்கு வெளியே காயப்போட நீட்டிய கழிகளிலிருந்து துணி விழும். புல்லில் கிடப்பதை யாராவது எடுத்து மின்தூக்கி அருகிலுள்ள கம்பியில் போடுவார்கள். உரியவர் வந்து எடுத்துக்கொள்வார். ஓராண்டாக முனீரா அப்படி விழுந்த துணிகளைக் கம்பியில் போடுமுன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மருந்து பூசிய பருத்தித் துணிமேல் அவற்றைப் பரப்பி வெயிலில் வைப்பாள். பிறகு அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமாகும். சட்டை கிடந்த இடம் மட்டும் சட்டை வடிவிலேயே வெள்ளையாக நிற்கும். உள்ளாடைகளை மட்டும் மரியாதையாகக் கம்பியிலேயே போட்டுவிட்டாள்.

பத்து மணி ஆயிற்று. யாரும் நிற்கவில்லை. பேசிக்கொண்டு வந்தவர்கள்கூடத் துணிகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, தலைகுனிந்து, ஓரமாகப் போனார்கள்.

கடைசியில் நான்காம் மாடி ரெங்கசாமி வந்தார். பேருந்து ஓட்டுநர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு துணியின் முன் கைகட்டிக் கண்மூடி நின்றார். முனீராவுக்கு நெஞ்சு நிறைந்தது.

"யாரும்மா தவறிட்டாங்க?" என்றார் மெல்ல. "வாப்பாவா?"

"வாப்பா தேக்காவுல கறி வெட்டிட்டு இருக்காரு, அங்கிள்!"

"அப்படியா? முஸ்லிம் வீட்ல இப்படியெல்லாம் கட்ட மாட்டீங்களேன்னு நானும் யோசிச்சேன் லா."

அவருக்குப் பின்னால் ஆறாம் மாடிச் சீன ஆன்ட்டி, துக்கவீட்டுக்குக் கொடுக்கும் வெள்ளை உறையோடு நின்றிருந்தார். "சியாப்பா மாத்தி?" என்று மலாயில் யார் இறந்தது என்று விசாரித்தார்.

நீலமும் வெள்ளையுமாகத் துணி, வட்ட மேசை, வேர்க்கடலை. கீழ்த்தளத்தில் நடக்கும் சீனர் துக்கவீடு இப்படித்தான் இருக்கும் என்று இந்த புளோக்கில் குழந்தைக்கும் தெரியும். இங்கேயே வளர்ந்தவளுக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று? முனீரா ஏணியில் உட்கார்ந்துவிட்டாள்.

உம்மா வாய்விட்டுச் சிரித்தார். மேலே போய், காயப்போட்ட துணிகளைக் கழியோடு தூக்கி வந்தார். வாப்பாவின் கட்டம் போட்ட கைலி, ஆரஞ்சு பாத்தேக் துணி, பூப்போட்ட தலையணையுறை எல்லாம் கண்காட்சிக்கு நடுவே ஏறின.

"உம்மா! இது எக்சிபிஷன்!"

"இருக்கட்டும். இனிமே எவனும் அழ மாட்டான்."

ரெங்கசாமி கைலியைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நீலத் துணியைப் பார்த்தார். கிட்டே போனார். "ஏம்மா, இந்த பனியன்... தோள்ல ஓட்டை... இது என்னுதுல்ல?"

முனீரா ஏணியிலிருந்து எழுந்தாள். "ஆமா அங்கிள். கீழ விழுந்து கிடந்துச்சு. கேக்காம எடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

"ஓட்டை இருக்குறது என் பொண்டாட்டிக்கே தெரியாது. இப்ப புளோக்குக்கே தெரிஞ்சிருச்சு!" என்றவர் கைப்பேசியை எடுத்தார். "வசந்தா, உடனே கீழ வா. என் பனியன படமா மாட்டிருக்காங்க!"

சீன ஆன்ட்டி உறையைப் பைக்குள் திணித்துவிட்டு, துணி துணியாகத் தேடத் தொடங்கினார். தன் ரவிக்கையின் வடிவைக் கண்டுபிடித்ததும் அதன் ஓரத்தில் துருத்திய முடிச்சுப் பொத்தான்களை விரலால் தொட்டு எண்ணினார். ஒன்று குறைகிறது என்று முனீராவைக் கடிந்துகொண்டார். பின் அதன் முன் நின்று படம் எடுக்கச் சொன்னார்.

மாலைக்குள் வேர்க்கடலை தீர்ந்துவிட்டது. இது யாருடைய சட்டை, அது யாருடைய பாவாடை என்று மேசைக்கு மேசை வழக்கு நடந்தது. யாரும் "இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லவில்லை.

"வேணாம்னு சொல்லிரப் போறேன், உம்மா. அந்தப் பதவிய."

"சொல்லு. ஆனா நீ அலசி அலசி நீலமாப் போன பாத்ரூம் தரைய நீதான் தேய்க்கணும்."

மறுநாள் காலை மின்தூக்கி அருகிலிருந்த கம்பி நிறையத் துணிகள் தொங்கின. முந்தைய இரவு காற்றுமில்லை, மழையுமில்லை. எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டவை. ரெங்கசாமியின் சீருடைச் சட்டைக்குப் பொத்தான்கள் அத்தனையும் போடப்பட்டிருந்தன. முனீரா அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள்.