துளசி மேடையில் என் நொச்சி

இன்று எங்கள் நர்சரிக்கு வந்த அக்கா ஒரு நொச்சி இலையைக் கிள்ளியதும், முதலில் தன் விரலைத்தான் முகர்ந்து பார்த்தார்.

கோவிலம்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் கடை அது. அந்த நொச்சிக் கன்றுகள் எல்லாம் நான் குச்சி நட்டு வளர்த்தவை. ஒன்றுகூட விற்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள குப்பையில தூக்கிப் போடு. ரோஜா லோடு வருது" என்று ஓனர் அண்ணா காலையிலேயே சொல்லிவிட்டார். நான் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒத்த இலை எதுக்கும்மா?" என்று அக்காவிடம் அண்ணா கேட்டார்.

"காலேஜ் லேப்ல டிஎன்ஏ எடுக்கறதுக்குண்ணா. முன்னாடி நொச்சியை வேற குடும்பத்துல வச்சிருந்தாங்க. இப்ப டிஎன்ஏ எல்லாம் பாத்து, துளசி குடும்பம்தான்னு சொல்லிட்டாங்க. தேக்குகூட அதே குடும்பம்தான்."

"தேக்கு மரம் துளசிக்குச் சொந்தக்காரனா? இன்னாம்மா, காலையிலயே கலாய்க்கிற!"

"நிஜமாண்ணா. நொச்சியை மோந்து பாருங்க."

அண்ணா மோந்து பார்த்தார். தும்மினார். டீ குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் கடையில் துளசிக்கு மட்டும் வாசலில் தனி மேடை உண்டு. தொட்டிக்குத் தொட்டி மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டும் வைத்திருப்போம். தரையில் வைத்த துளசியை இந்த ஏரியாவில் யாரும் வாங்க மாட்டார்கள். மேடையில் இருந்தால் பேரம்கூடப் பேச மாட்டார்கள்.

அண்ணா திரும்புவதற்குள் நொச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேடையில் ஏற்றினேன். பிறகு குங்குமச் சிமிழைத் திறந்தேன்.