அந்தமானில் தண்ணீர் காய்ச்சிய கதை

டூர் போகிறவர்களுக்குச் சமைத்துப் போடும் வேலையில், சாம்பார் நன்றாக இருந்தால் சமைத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் யாரையும் கூப்பிட மாட்டார்கள். நான் தண்ணீர்க்காரி. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிக் குழப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சொல்வது கொஞ்சம் பிசகினாலும் பொறாமையில் பேசுகிறாள் என்பீர்கள். பக்கத்தில் இருப்பவளுக்கே பாராட்டெல்லாம் போவதைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவியவர்களுக்கு மட்டும் இது புரியும்.

தி.நகரில் ஒரு டிராவல்ஸ். நம்ம ஊர்ச் சாப்பாட்டோடு அந்தமான் என்று ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார்கள். அங்கே லாட்ஜின் பின்பக்கம் அடுப்பு வைத்து நாங்களே பொங்கிப் போட வேண்டும். சமையல், கொட்டிவாக்கம் சரோஜா. என்னைவிட இளையவள், சிரித்த முகம். தண்ணீரும் பாத்திரமும், மந்தைவெளி வசந்தா. அதாவது நான்.

சுருங்கிய பாட்டில்

தீவில் லாட்ஜ் தொட்டித் தண்ணீரை நம்ப வேண்டாம், குடிப்பதற்கும் பல் தேய்ப்பதற்கும் காய்ச்சின தண்ணீர்தான் என்று புறப்படும் முன்பே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் காலையில் ஒரு அண்டா நிறையத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினேன். அது ஆறுவதற்குள் பாட்டிலோடு வரிசை வந்துவிட்டது. தீவு சுற்றும் போட்டுக்கு நேரமாகிறதாம். ஊற்ற ஊற்ற பிளாஸ்டிக் பாட்டில்கள் இடுப்பு ஒடிந்து சுருங்கின. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த அலமேலு மாமி, தன் பாட்டிலைப் புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏண்டியம்மா, இது குடிக்கறதுக்கா, குளிக்கறதுக்கா?"

கைமணம்

மறுநாள் சரோஜா, "நீ பாத்திரத்தப் பாருக்கா, தண்ணி நான் பாத்துக்கிறேன்" என்றாள். சீரகம் போட்டாள், துளசி போட்டாள், ரெண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். வாசனை மாடி வரைக்கும் போனது. அதைவிட அதிசயம், இறக்கின கொஞ்ச நேரத்திலேயே அது குடிக்கிற பதத்தில் இருந்தது. அடையாறு சார் ஒருவர் திரும்பத் திரும்ப வந்து வாங்கிக் குடித்தார். மாமி, எங்காத்துல கூட இப்படி ஒரு ஜலம் குடிச்சதில்லை என்றார். நான் பால் அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குக்கூடவா கைமணம்?

எங்களை அழைத்து வந்த மேனேஜர் தம்பி தினேஷும் ஒரு டம்ளர் குடித்தார். இந்த டூர்களை நம்பித்தான் என் வீடு ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தண்ணியும் சரோஜாக்காவே பாத்துக்கிட்டாங்கன்னா அடுத்த டிரிப்புக்கு ஒரு ஆள் போதும்க்கா."

ஒரு வாளி

அந்தப் பக்குவத்தைப் பிடித்தால்தான் பிழைப்பு என்று தெரிந்துவிட்டது. அடுத்த நாள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தண்ணீர் கொதித்தது. சீரகம் விழுந்தது. அப்புறம் அவள் எழுந்து போய் பாத்ரூம் குழாயில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் பிடித்து வந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவுகிற மாதிரி அதை அண்டாவில் ஊற்றிக் கலக்கி, விரலை விட்டுச் சூடு பார்த்தாள்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். முந்தின நாள் மாமி இதைத்தானே பாட்டில் நிறைய வாங்கிப் போனார் என்று நினைத்த பிறகுதான் பயம் வந்தது. "இன்னா சரோஜா, காய்ச்சினதுல பச்சத் தண்ணிய ஊத்துற?" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொதிக்கிற தண்ணிதானேக்கா. அதுல போய் வுயுந்தா பச்சத் தண்ணில கீற பூச்சியெல்லாம் செத்துடும்."

காண்டு

தினேஷைத் தேடி ஓடினேன். அதற்குள் பாட்டில்கள் நிரம்பத் தொடங்கியிருந்தன. அவரிடம் சொன்னேன், வரிசையில் நின்றவர்களிடமும் சொன்னேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் பாட்டிலை நீட்டினார், சரோஜாவிடம்.

எனக்குப் பொறாமை இருந்தது நிஜம். தண்ணீர் கெட்டது என்பதும் நிஜம். ரெண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் யார்தான் நம்புவார்கள்? எனக்கென்று தனியாக ஒரு தூக்கு நிறையக் காய்ச்சி மூடி வைத்துக்கொண்டேன். அதையும் பார்த்துவிட்டு தினேஷ் சொன்னார்: "நேத்து நான் அப்படிச் சொன்னதுல இருந்தே நீங்க சரியில்லக்கா. அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு ஏன் இவ்ளோ காண்டு?"

உப்புச் சர்க்கரை

அடுத்த நாள் போட் எங்கள் ஆட்கள் இல்லாமலே போனது. லாட்ஜில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே முனகல். டாக்டர் வந்தார். என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த சரோஜா எதையும் மறைக்காமல் சொன்னாள். பச்சைத் தண்ணீர் விழுந்ததுமே சூடு இறங்கிவிடும், கிருமி சாகாது; இனி கலக்கக் கூடாது, கொதித்தது தானாகத்தான் ஆற வேண்டும் என்றார் அவர். தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமிக்குத்தான் ரொம்ப மோசம். கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து, கூப்பிட்டால் பேச்சில்லை. கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்றைக்குப் பூராவும் நான் யார் மேலும் பொறாமைப்படவில்லை. மாமி கண்ணைத் திறந்தால் போதும் என்றிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் திறந்தார். நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி என் கையை விலக்கினார்: "நேக்குப் போறும். சரோஜா பாவம், அழுதுண்டே இருக்கா. அவளுக்கு முதல்ல குடு."

டிராவல்ஸ் முதலாளி எங்கள் ரெண்டு பேரையுமே நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் நாளைக்கு வேண்டிய தண்ணீரை இன்று சாயங்காலமே கொதிக்கவைத்து இறக்கி, அது ஆறும்வரை மூடியின்மேல் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சரோஜாவைச் சுற்றி நிற்கிற கூட்டம் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.