மாமியார் கோடு

தீயணைப்பு நிலையத்தின் ஸ்டோர் ரூமைப் பத்தொன்பது வருடமாகக் கட்டி ஆளும் அந்தப் பெண்மணிக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பூட்டக்கா. இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு ஜோடி கையுறை வேண்டுமென்றாலும் பழையதைக் காட்ட வேண்டும், அது எப்படிக் கிழிந்தது என்று கதை சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். கதை நம்பும்படி இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

"எரியற வீட்டுக்குள்ள போயிட்டு வந்துடலாம்யா, அக்காகிட்ட ஒரு கையுறை வாங்கிட்டு வர முடியாது" என்று வண்டி கழுவும்போது வீரர்கள் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதில் விழும். விழட்டும் என்றுதான் அவர்களும் சத்தமாகப் பேசுவார்கள்.

ஆனால் நிலையத்தில் இருக்கும் நாற்பத்திரண்டு பேரின் பூட்ஸ் அளவும் அவருக்கு மனப்பாடம். யாருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், யாருக்கு விரல் கட்டை, எல்லாம் தெரியும். தையல்காரர் மகள் அல்லவா. கோட்டில் தையல் விட்டிருந்தால் வெளியில் அனுப்ப மாட்டார், தானே உட்கார்ந்து தைப்பார். "கிழிசல்னா கண்ணுக்குத் தெரியும். தையல் விட்டிருந்தா உள்ள போனப்புறம்தான் தெரியும்" என்பார்.

அதே வளாகத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் நிற்கும். அதில் ஒன்றின் டிரைவர் அக்காவின் கணவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டார்ச் லைட்டைத் தொலைத்துவிட்டு, வேறொன்று வாங்க ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்று அவர் ஒரு கதை சொன்னார். கதையை அக்கா நம்பவில்லை. ஆளை நம்பிவிட்டார். அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். காற்றில் கொஞ்சம் ஈரம் கூடினாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். வீட்டில் பாதி அலமாரி அவளுடைய மருந்துதான்.

ஊரெல்லாம் அந்தத் தொற்று பரவத் தொடங்கியபோது அக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இழுப்புச் சத்தம்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. நோயாளியைத் தூக்கி வண்டியில் ஏற்றுபவர் வீட்டுக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் அவர் இத்தனையும் செய்தார். மற்ற நாற்பத்தொரு பேர் வீட்டிலும் அப்படி யாராவது இருப்பார்கள் என்பது அவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமாக இல்லை.

பாதுகாப்பு உடைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அதற்குள் அடுத்த பகுதி நிலையத்தில் பதினோரு பேர் ஒரே வாரத்தில் படுத்துவிட்டார்கள். நிலையத்தையே மூடிவிட்டு, அந்தப் பகுதி அழைப்புகளையும் இவர்கள் தலையில் கட்டினார்கள். அக்கா அங்கிருக்கும் ஸ்டோர்காரருக்கு போன் போட்டார்.

"உங்களுக்கு டிரஸ் பத்தலயாண்ணே?"

"அட நீ வேறம்மா. வேணுங்குற அளவுக்கு இருந்துச்சு. எல்லாரும் ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டுப் போனாங்க."

அக்கா போனை வைத்தார். உடை போதவில்லை என்றால் கேட்டு வாங்கலாம். உடை இருந்தும் வந்திருக்கிறது என்றால் எங்கே ஓட்டை? அன்று மதியம் முழுக்க ஜன்னலோரம் நின்று, திரும்பி வருகிறவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மறுநாள் நிலைய அதிகாரியிடம் போய் நின்றார். அதிகாரிக்கு மீசை சார் என்று பெயர். இருபத்தெட்டு வருட அனுபவம், அதற்கேற்ற மீசை.

"சார், எல்லாரையும் டிரஸ் போட்டுட்டுக் கழட்டச் சொல்லுங்க. நான் பாக்கணும்."

"ஏம்மா, நாப்பது செகண்டுல மாட்டுறவங்கம்மா நாங்க. போட்டியில கப்பு வாங்கினவங்க. கழட்டுறதுல என்ன இருக்கு?"

"அதைத்தான் பாக்கணும்னு சொல்றேன்."

பத்துப் பேர் உடை அணிந்து வரிசையாக நின்றார்கள். மைதானத்தில் கோடு போடும் சிவப்புப் பொடியை அக்கா அவர்கள் மேல் தாராளமாகத் தூவினார். கையுறையிலும் தடவச் சொன்னார். பிறகு கழட்டச் சொன்னார். மீசை சாரும் விட்டுக்கொடுக்காமல் பதினோராவது ஆளாக நின்றிருந்தார். இருபது நொடியில் எல்லாம் கழன்று தரையில் கிடந்தது. வீரர்கள் பெருமையோடு நிமிர்ந்தார்கள். அக்கா கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினார்.

பதினோரு மூக்கும் சிவப்பு. சாரின் மீசை தக்காளி மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸ் பக்கம் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எல்லாரும் முதல்ல எதைக் கழட்டுனீங்க?" என்று கேட்டார் அக்கா.

யோசித்துப் பார்த்தார்கள். முகக்கவசம்தான். அத்தனை பேரும், தவறாமல். புகையிலிருந்து வெளியே வந்ததும் தீயணைப்பு வீரனின் கை தானாக முகத்துக்குப் போகும். மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு வாய் நல்ல காற்று குடித்தால்தான் உயிர் வந்த மாதிரி இருக்கும். எத்தனையோ வருடமாக அவர்களைக் காப்பாற்றிய பழக்கம் அது. இந்தத் தொற்றில் அதுவே ஆளைக் கவிழ்க்கும். ஏனென்றால் இப்போது வெளியே வந்த பிறகும் புகை அவர்கள் உடை மேலேயே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கிவிட்டது. மீசை சார் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "சரி, என்ன பண்ணலாம் சொல்லு."

அக்கா பின்பக்க கேட்டருகே மஞ்சள் பெயின்ட்டில் வரிசையாக மூன்று கட்டங்கள் போட்டார். கட்டங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு நீளக் கோடு. அழைப்பிலிருந்து திரும்புகிறவர்கள் முதல் கட்டத்தில் நிற்க வேண்டும். அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். கையுறை மேல் மருந்து தெளி. ஜிப்பை இறக்கு. உள்பக்கம் வெளியே வர மெதுவாகச் சுருட்டு. மறுபடியும் கையைக் கழுவு. அடுத்த கட்டத்துக்கு வா. முகக்கவசம் கடைசி. அவர் சொல்லாமல் ஒரு பொத்தானைக்கூடத் தொடக் கூடாது. இரண்டாவது விதி இன்னும் கறார்: சுத்தமான பக்கம் நிற்கும் யாரும், என்ன ஆனாலும், முழு உடை இல்லாமல் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது.

இதற்குப் பதினோரு நிமிடம் பிடித்தது. நாற்பது நொடிக்காரர்களுக்கு அது பதினோரு யுகம். "சொந்த மாமியார்கூட இப்படி நிக்க வச்சதில்லக்கா" என்று ஒருவர் புலம்பினார். அன்றிலிருந்து அதற்கு மாமியார் கோடு என்று பெயர் விழுந்தது. மீசை சாரின் மீசை நுனி முகக்கவச விளிம்பில் இடிக்கிறது, காற்று புகும் என்று அக்கா ஒரு நாள் சொன்னார். நிலையமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுநாள் காலை சார் மழமழவென்று வந்து இறங்கினார். பெயர் மட்டும் மீசை சார் என்றே நின்றுவிட்டது.

கணவருக்கும் சலுகை கிடையாது. "மேடம், வீட்டுலதான் உங்க ராஜ்ஜியம்னு பாத்தா இங்கயுமா?" என்பார் அவர் கட்டத்துக்குள் நின்றபடி. "பேசாம ஜிப்பை இறக்குங்க" என்பார் அக்கா. பதினோரு நிமிடமும் முடிந்து குளித்துவிட்டு வந்தால் அவரும் மற்றவர்களைப் போல வீட்டுக்குப் போகலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். அடுத்த பகுதி நிலையத்தில் தப்பித்தவர்கள் மாதக்கணக்கில் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. இவர்கள் தினமும் போனார்கள்.

வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில் ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் வந்தது. டிரைவரும் நர்ஸும் காலையிலிருந்து மூன்று நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறார்கள். நடுவில் உடையைக் கழட்ட நேரமே இல்லை. கடைசி நோயாளி வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்திருக்கிறார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீசை சார் சாதாரண சட்டையில் நின்றிருந்தார்.

கணவர் முதல் கட்டத்தைத் தாண்டி இரண்டாவதில் கால் வைத்தார். இரண்டு எட்டு தள்ளாடினார். அப்படியே சரிந்து விழுந்தார்.

சார் பாய்ந்தார். விழுந்தவனிடம் ஓடுவது, மூச்சுத் திணறுகிறவன் மாஸ்க்கைப் பிடுங்குவது, அவர் ரத்தத்தில் ஊறியது. கோட்டுக்கு அரை அடி முன்னால் அக்காவின் குரல் அவரைப் பிடித்து நிறுத்தியது.

"தாண்டாதீங்க சார்!"

"உன் புருஷன்ம்மா!"

"தெரியும் சார்! தாண்டாதீங்க!"

வலது காலைக் கோட்டின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு அக்கா நர்ஸைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பக்கம் முழு உடையில் இருப்பது அவள் ஒருத்திதான். "நீதான் பாக்கணும், பயப்படாத, நான் சொல்றேன். மூச்சு இருக்கா பாரு."

"இருக்குக்கா! உடம்பு கொதிக்குது!"

"நிழலுக்கு இழு. உன் கையில மருந்து தெளி. கத்திரிக்கோல் இடது பக்கம் தொங்குது பாரு. முதுகுப் பக்கமா கழுத்துலேர்ந்து வெட்டு. உள்பக்கம் வெளிய வர மாதிரி சுருட்டு. அவ்வளவுதான், அப்படித்தான். இப்ப அவர் கையுறையைக் கழட்டு, மருந்து தெளி. தண்ணியை ஊத்து."

சார் ஓடிப்போய் குழாயைத் திறந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சினார். தீயை அணைத்தே பழகிய கை, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் ஊற்றியது. பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் காலும் கோட்டைத் தாண்டவில்லை. அக்காவின் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. கைதான் சாவிக்கொத்தைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடத்தில் கணவர் கண் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. மூச்சு முட்டியது. கை தானாக எழுந்து முகக்கவசத்துக்குப் போனது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். கவசத்தைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் அது நின்றது. பாதி மயக்கத்தில் அவர் தலையைத் திருப்பி, கோட்டின் பக்கம் பார்த்தார்.

"இப்பக் கழட்டலாமா?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "கையில மருந்து தெளிக்கச் சொல்லுங்க. தெளிச்சிட்டு, பின்னாடி வாரைப் பிடிச்சுக் கழட்டுங்க" என்றார்.

கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைசி நோயாளிக்குத் தொற்று உறுதி என்று அன்று மாலையே தகவல் வந்தது. சில நாள் கழித்து எடுத்த பரிசோதனையில் கணவருக்கும் நர்ஸுக்கும் ஒன்றுமில்லை. அவரைச் சாய்த்தது வெயிலும் வியர்வையும்தான். அதில் தன் தவறும் இருக்கிறது என்று அக்கா யாரும் கேட்காமலே சொன்னார். "எத்தனை டிரஸ்னு எண்ணினேன். அதுக்குள்ள ஆள் எத்தனை மணி நேரம் இருக்கான்னு எண்ணல சார்." மறுநாள் கேட்டருகே ஒரு கரும்பலகை ஏறியது. யார் எத்தனை மணிக்கு உடை அணிந்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனால் வண்டி எங்கே இருந்தாலும் அக்கா போன் போட்டுத் திருப்பிக் கூப்பிடுவார். சார் தன் கையாலேயே கோட்டுக்கு இன்னொரு பூச்சு மஞ்சள் பெயின்ட் அடித்தார்.

தொற்றுக்காலம் முடியும்வரை அந்த நிலையம் ஒரு நாள்கூட மூடவில்லை. மூன்று பேருக்கு நோய் வந்தது, மூன்றும் வீட்டுப் பக்கம் தொற்றியது. நிலையத்துக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவவில்லை. மற்ற நிலையங்களிலிருந்து ஆட்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். மீசை சார் அவர்களை நேராக ஸ்டோர் ஜன்னலுக்குக் கூட்டிப்போவார். "எங்க அக்காகிட்ட கேளுங்க. ஆனா கையெழுத்துப் போடாம ஒண்ணும் கிடைக்காது" என்பார். அதைச் சொல்லும்போது இல்லாத மீசையை முறுக்குவார்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று நடந்தது. பரிசோதனை முடிவு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து கணவர் வீடு திரும்பிய மறுநாள் காலை. மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு படித்துக்கொண்டிருந்தாள். கோட்டைத் தாண்டி நீ ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்பாரோ என்று அக்கா அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார். வாசலில் செருப்புகளை ஒதுக்கி வைத்தபோது கணவர் கண்ணில் ஒன்று பட்டது. அக்காவின் வலது கால் செருப்பு. வார் வேரோடு பிய்ந்து தொங்கியது. அடியில் மஞ்சள் பெயின்ட் தேய்ந்து ஒட்டியிருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் நீட்டினார்.

"இது எப்படி அறுந்துச்சு? கதை சொல்லு."

"நின்னுக்கிட்டிருந்தப்ப அறுந்துடுச்சு."

"நின்னா அறுந்துடுமா? கதை நம்புற மாதிரி இல்லையே மேடம்."

அக்கா செருப்படியில் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஓடி வரப் பாத்தேங்க. கால் கிளம்பிடுச்சு. நான்தான் விடல."

அவர் அந்தச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளுடைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு மனைவியிடம் நீட்டினார்.

"நம்புறேன். கையெழுத்துப் போடு, தைச்சுத் தர்றேன்."