கொடியேற்றிய நாளில் பாதி மிட்டாய்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாழ்வது கேரளத்துத் தேயிலை மலையில், பிள்ளை பெறுவது கீழே. கீழே என்றால் தமிழ்நாடு. பெண்ணின் தாய்வீடு எந்த ஊரோ அந்த ஊர். ஏழாம் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையிறங்குவார்கள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். என் பாட்டி அப்படித்தான் திருநெல்வேலிப் பக்கம் போய் என் அப்பாவைப் பெற்றாள். என் அம்மாவும் என்னை அங்கேதான் பெற்றாள். நான் ஜீப் ஓட்டுகிறவன். என் மனைவியை நானே ஓட்டிக்கொண்டு போய்ப் போடியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பெரிய கடமையை முடித்தவன் மாதிரி ஒரு டீயும் குடித்துவிட்டு மலையேறினேன். மடையன்.

அது மடத்தனம் என்று தெரியப் பதினெட்டு வருடம் ஆனது. மகளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்தால்தான் இடம். கேரளத்தில் அது கிடைக்க வேண்டுமென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்தது என்று காட்ட வேண்டும். சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டத்தில் என் தாத்தா காலத்திலிருந்து தேயிலையோடு கிடந்த குடும்பம் நாங்கள். ஆனால் அப்பா, நான், மகள் என்று மூன்று பேரின் பிறப்புச் சான்றிதழும் ஒரே குரலில் தமிழ்நாடு என்றன. தாத்தாவின் பெயர் இருந்த, தோட்டத்து ஆட்களுக்குப் பேர் போடும் பழைய செக்ரோல் புத்தகத்தைக் கரையான் எப்போதோ முடித்துவிட்டது.

வில்லேஜ் ஆபீசர் கெட்டவர் இல்லை. மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "தாத்தாவை இங்கே கண்ட ஆள் ஆராவது உண்டோ? ஜீவனோடு?"

ஒரே ஒருத்தி இருந்தாள். தாத்தாவின் வீட்டுக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும், லயம் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே சுவர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனாலும் என் அப்பா அவளை அக்கா என்று கூப்பிட்டார், அதனால் எனக்கு அவள் அத்தை. வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. கண் நன்றாகத் தெரியும், வாய் அதைவிட நன்றாக.

ஆபீசர் அவள் சொல்வதை எழுதிக்கொள்ள வருவதற்கு முதல் நாள் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனேன். எங்கள் வீட்டில் ஒரு பெருமைக் கதை உண்டு. சுதந்திரம் வந்த அன்று தொழிற்சாலை முற்றத்தில் கொடிக்கயிற்றை இழுத்தது என் தாத்தாதான் என்று. என் மகள் அதைப் பள்ளிக்கூட மேடையிலேயே பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள்.

"அத்தை, கயித்தை இழுத்தது எங்க தாத்தான்னு ஆபீசர்ட்ட அழுத்திச் சொல்லிருங்க."

"உங்க தாத்தா இழுத்தது பீடிதாம்லே," என்றாள். "கயித்தை இழுத்தவரு பெரிய கணக்கப்பிள்ளை. நான் பாக்காததைச் சொல்லச் சொல்லாத."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகளின் படிப்பு அந்தரத்தில் தொங்குகிறது, இவளுக்கு ஒரு கயிறு பெரிதாகப் போய்விட்டதே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை ஆபீசரை என் ஜீப்பிலேயே கூட்டிப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அத்தை கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

"பேக்டரி முத்தத்துல கொடி ஏத்துனாக சார். வரிசையில நிக்கச் சொல்லி ஆளுக்கு ஒரு கருப்பட்டி மிட்டாயி குடுத்தாக. எனக்குப் பன்னெண்டு வயசு. இவன் தாத்தா எனக்கு முன்னால நின்னாரு. ரெண்டு கேட்டாரு, ஒண்ணு பொண்டாட்டிக்குன்னு. அவ எங்கன்னு கேட்டாரு கணக்கப்பிள்ளை. பிரசவத்துக்குக் கீழ போயிருக்கான்னாரு. வரிசையில நிக்காதவளுக்கு மிட்டாயி கிடையாதுன்னுட்டாரு. மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு. நான் என் மிட்டாயியைக் கடிச்சுப் பாதியைக் குடுத்தேன். அவரு திங்கல. துண்டுல முடிஞ்சு அவளுக்குன்னு வச்சாரு. அவ பிள்ளையோட வாரதுக்குள்ள எறும்பு தின்னுருச்சு."

ஆபீசர் என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். சுதந்திரம் வந்த அதே வருடம், அடுத்த மாதம். அதுவரை எங்களுக்கு எதிராகவே நின்ற காகிதம் முதல்முறையாக எங்கள் பக்கம் வந்தது.

பிறகு அவர் அத்தையின் ஆதார் கார்டைக் கேட்டார். பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"கார்டு பிரகாரம் அம்மச்சிக்கு அன்னைக்கு நாலு வயசு. நாலு வயசுக் குட்டி கண்ட காரியம் எழுதி அயச்சால் தாலூக்கில் சிரிக்கும்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். வேலைக்குப் பெயர் பதியும்போது வயதைக் குறைத்துச் சொல்வது; பிறகு கார்டிலும் அதே வயதுதான் ஏறும். அவள் பேரன் இன்னும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்கிறான், அவனுக்குக் கொடுத்த வீட்டில்தான் அவளும் இருக்கிறாள். அரசாங்க ஆள் முன்னால் அவளை அதைச் சொல்லச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகட்டும் அத்தை என்று எழுந்தேன்.

"உக்காருலே," என்றாள். "சார், அந்தக் கார்டு பொய் சொல்லுது. நான் சொல்லிக் குடுத்துதான் சொல்லுது. புருசன் செத்த வருசம் என் பேரைப் பதிஞ்சாக. அம்பத்தெட்டு வயசானா வேலை போவும், வேலை போனா வீடு போவும். மூணு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போவேன்? எட்டு வயசைக் குறைச்சேன். எழுதிக்கோங்க."

உள்ளே போய் பைபிளைக் கொண்டுவந்தாள். நடுவில் மடித்து வைத்திருந்த ஞானஸ்நானச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இங்கே மலையிலிருக்கும் மாதா கோயிலில் கொடுத்தது. பிறந்த வருடம் சரியாக இருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்காகப் பொய் சொல்லச் சொன்னவன் நான். எனக்காகத் தன் பொய்யை எடுத்து வைத்தவள் அவள். ஆபீசர் சீட்டை ஒருமுறை, கார்டை ஒருமுறை பார்த்தார். பேனாவைத் திறந்து, கடைசிவரை குனிந்தபடியே எழுதினார். கிளம்பும்போது அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஒரு மாதத்தில் சான்றிதழ் வந்தது. மகள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தாள். அவளையும் அழைத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். வயதைப் பற்றித் தோட்டத்திலிருந்து இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை என்றாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு காகிதத்தை வாசிக்கச் சொன்னாள். மகள் மலையாளத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். தாத்தா பெயர், அப்பா பெயர், என் பெயர், அவள் பெயர்.

"கயித்தைப் பத்தி எழுதலியே?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை," என்றேன்.

"மிட்டாயி?"

"அதுவும் இல்ல."

"உங்க பாட்டி பேரு?"

மகள் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். இல்லை என்றேன்.

அத்தை காகிதத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவளை இன்னும் வரிசையில சேக்கலையாக்கும்," என்றாள்.