துரை பங்களாவில் என் ரிசப்ஷன்

சர்ச்சில் தாலி ஏறியதும் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். என் அப்பாவுக்குத்தான் ஆசை அடங்கவில்லை. சுதந்திரம் வந்ததும் சீமைக்குக் கிளம்பிவிட்ட ஒரு துரையின் பழைய பங்களா ரிச்சர்ட்ஸ் டவுனில் காலியாகக் கிடந்தது. அதை டீ பார்ட்டிக்கு எடுத்துவிட்டார். "துரை வூட்ல ரிசப்ஷன்னா சும்மாவா?" என்று ஊரெல்லாம் தம்பட்டம் வேறு.

எனக்கோ பயம். ஏற்கெனவே இரண்டு வரன்கள் சகுனம் சரியில்லை என்று தட்டிப்போயிருந்தன. இந்த மாமியாரும் சகுனம் பார்க்கிறவர்தான்.

கேக் வெட்டியாயிற்று. பாதிரியாரை வழியனுப்ப என் கணவர் தோட்டத்துக்குப் போனார். அப்போதுதான் தலைக்கு மேலே, மாடியின் மரத்தரையில், டக் டக்கென்று யாரோ நடந்தார்கள். கூடத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏசுவே! ஆளில்லாத மாடியில யாரு நடக்குறது?" என்றார் மாமியார். "இந்த வூட்லேருந்து பொண்ணை எப்படி நம்ம வூட்டுக்குக் கூட்டிக்கினு போறது? இவ இன்னிக்கு அப்பன் வூட்லியே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு என்னை விட்டுவிட்டுப் போனால் அவ்வளவுதான், அப்புறம் கூப்பிட வரவே மாட்டார்கள். காலைக் கடித்த புது ஷூவை நாற்காலியடியில் விட்டுவிட்டு, பின்வராந்தா வழியாகப் படியேறினேன். மாடிக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. திறந்தேன். காலி அறை. தரையெல்லாம் தூசி. என் காலடியைத் தவிர ஒரு தடமில்லை. ஜன்னல்வரை போய் நின்றேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை, தோள் மட்டும் சில்லென்றிருந்தது.

கீழே வந்து, "பூனை, அத்தை" என்றேன்.

"பூனை ஷூ போட்டுக்கினு நடக்குமா? நீ வெறுங்கால்ல போனே. நீ மேல இருந்த வரைக்கும் டக்கு டக்குன்னு கேட்டுச்சே!"

 அதற்குள் வாசலில் வந்து நின்ற என் கணவர், "நான்தாம்மா பூனையை விரட்ட மேல போனேன். என் பூட்ஸ் சத்தம்தான்" என்றார். மாமியார் முகம் தெளிந்தது. ஜட்கா வண்டியைக் கூப்பிடச் சொன்னார்.

வண்டியில் மாமியார் முன்னால் உட்கார்ந்திருந்தார். "நீங்க மேல வரவேயில்லையே. ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று என் கணவர் காதோடு கேட்டேன்.

"தோட்டத்துலேருந்து உன்னை ஜன்னல்ல பார்த்தேன். உன் தோள்மேல கை வெச்சுக்கிட்டு ஒருத்தி நின்னா. அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னை விட்டுட்டுப் போயிடுவாங்க."

அட மனுஷா, அதை என்னிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாமே!  ஆனாலும் வீடு வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.