ஊருக்கெல்லாம் கலர் லைட்டு

ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியா கட்டளை போடுறதுதான் நம்ம தொழில். ஆயிரம் பல்பு சொன்னபடி கேக்கும், ஒண்ணுகூட திரும்பிப் பேசாது. பதுளையில ஒரு வாடகை அறை, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், சுருள் சுருளா எல்ஈடி பட்டி, இவ்வளவுதான் என் குடும்பம். சம்சாரம் செல்வி குவைத்துல வீட்டு வேலை செய்றா. ஒப்பந்தம் இந்த மாசம் முடியுது. வருவாளா, மறுபடி கையெழுத்துப் போடுவாளான்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. தனியா சோறு பொங்குற லைட்டுக்காரங்களே, உங்களுக்குத் தெரியாததா!

ஆத்தா பச்சையா நின்னா

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல மாரியம்மன் திருவிழா. கோயில் வாசல் செக்கச் செவேல்னு எரியணும்னு கோயில் கமிட்டித் தலைவர் சொல்லிட்டார். இந்தப் பல்புக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் மூணும் இருக்கும். ப்ரோக்ராம்ல எந்த நிறத்தை முதல்ல சொல்லணும்ங்கிறது பட்டிக்குப் பட்டி மாறும். புதுச் சுருளை நான் சோதிச்சுப் பார்க்காம கட்டித் தொலைச்சேன். கரகம் படி ஏறுற நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டா, வாசல் மொத்தமும் பச்சைப் பசேல்!

ப்ரோக்ராம்ல ஒரு வரியை மாத்தினா போதும், ஆனா கரகம் வந்துருச்சே. தலைவர் அண்ணாந்து பார்த்தார், கும்பிட்டார், என் தோள்ல தட்டினார். "விடுங்க தம்பி, இந்த வருஷம் கொழுந்து நல்லா வரும்னு ஆத்தாவே சொல்றா!"

குக்கர் அணைச்ச லயம்

மடுல்சீமையில கல்யாண வீடு. பந்தல் வாசல்ல 'நல்வரவு'ன்னு எழுத்து ஓடணும். பொழுது சாயவும் லயத்து வரிசை வீடுகள்ல எல்லாரும் ரைஸ் குக்கரைப் போட்டாங்க. கரண்டு இறங்கி, என் கம்ப்யூட்டர் செத்துச் செத்துப் பிழைச்சது. 'ந' வரும், 'ல்' வரும், பொசுக்குன்னு போயிரும். மாப்பிள்ளை வேன் வளைவுல தெரியுது. பொண்ணோட அப்பா வீடு வீடா ஓடி, கும்பிட்டு, எல்லா குக்கரையும் அணைக்க வச்சார். ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை. லயமே பசியோட வாசல்ல நின்னுச்சு. எழுத்து ஜம்முன்னு ஓடுச்சு.

அத்தனை பேரு ஒண்ணா நிக்கிறதப் பார்க்க எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அப்போ பக்கத்து வீட்டு அக்கா கத்தினாங்க: "மாப்பிள்ளையைச் சீக்கிரம் உள்ள கூட்டிட்டுப் போங்கய்யா, என் சோறு அரைவேக்காட்டுல கிடக்கு!"

என் அறை விளக்கு

என் அறைச் சுவர்லயும் ஒரு பட்டி ஒட்டி வச்சிருக்கேன். செல்வி அங்கேருந்து போன்ல தட்டினா இங்க எரியும். கொஞ்சம் ஓய்வு கிடைச்சா எரிய விடுவா. உடனே நான் அவளுக்கு போன்ல கோல் எடுப்பேன்.

நேத்து சாயந்தரம் நல்ல மழை. பருப்பு வெந்துக்கிட்டு இருக்கும்போதே லைட்டு எரிஞ்சுது. ஓடிப்போய் கோல் எடுத்தேன். "கையெழுத்துப் போட்டுட்டியா?"ன்னேன். "இன்னும் ரெண்டு வருஷம்தாங்க, வீட்டுக்குக் கூரை போடணுமே"ன்னு சொல்லி அழுதுட்டா. எனக்குக் கோபம் வந்துருச்சு. எனக்குச் சாப்பாடே வேணாம்னேன். அவ மெல்ல சொன்னா: "நீங்க உக்காந்து சாப்பிடுங்க, அதுவரைக்கும் லைட்டை நான் அணைக்க மாட்டேன்."

ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுறவன் நான், என் வீட்டு சுவிட்சு மட்டும் குவைத்துல இருக்கு.