ஹெரால்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு என்று நான்கு ஊர்களில் ரெத்தினம் மோட்டார்ஸ் என்ற பெயரில் கார் விற்ற குடும்பத்தின் இளைய மகன் குணசேகரனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரும் எவரிடமும் அப்படித்தான் தொடங்குவார். "கறிக்கடைக்காரரு சைவமா இருக்குறதில்லையா, அந்த மாதிரிதாங்க" என்று தாமே சிரித்து, எதிரே இருப்பவர் சிரிப்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருக்குக் கைவந்த வேலை, புது வண்டியை ஒப்படைப்பது. காருக்கு மாலை சாற்றி, சூடம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார். வாங்கியவர் அவற்றை நசுக்கிக்கொண்டு முன்னோக்கிப் புறப்பட வேண்டும். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னோக்கி நகர்ந்தால் வண்டிக்கு ஆகாது என்பது அவர் விதித்த சட்டம். இத்தனை பேரை வழியனுப்பியவருக்கு ஒரு வண்டியையாவது தாமே ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா என்றால், ஒரு முறை தோன்றியது. இருபது வயதில் அப்பாவின் அம்பாசடரை வடவாற்றங்கரையில் ஓட்டிப் போய், யாரோ ஒருவரின் நாற்றங்காலில் இறக்கினார். வயலுக்குரியவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நாத்து பறிச்சாச்சு, தம்பி. அப்படியே இறங்கி நட்டுக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்றார், நிதானமாக.

திட்டியிருந்தால் மறந்திருக்கலாம். அன்று முதல் குணசேகரன் இடப்பக்க இருக்கைக்கு உரியவரானார். திருமணத்துக்குப் பிறகு வலப்பக்கத்தில் மனைவி வானதி அமர்ந்தார்.

ஷோரூம்களைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு ஏழு பழைய கார்களும் இருந்தன. அப்பா ரெத்தினம் அவற்றைச் சேர்த்து, ஓடாமல் போன அரிசி ஆலையின் கிடங்கில், கிழக்குச் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நிறுத்தியிருந்தார். ஆறு கார்களைப் பற்றிக் குணசேகரன் வந்தவர்களுக்கு விரிவாகச் சொல்வார். ஏழாவதான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பற்றி அண்ணன் கோவிந்தராசுதான் சொல்வார். அதன் பின் இருக்கையில்தான் குணசேகரன் பிறந்தார். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துவந்தபோது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறப்பதற்குள் அவர் வந்துவிட்டார். "என் தம்பி அவசரப்பட்டது அந்த ஒரே ஒரு தடவைதான்" என்று கோவிந்தராசு முடிப்பார்.

அண்ணனின் பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். இவருடைய மகளுக்கு வியாபாரத்தில் நாட்டமில்லை. சென்னைக் கம்பெனி ஒன்று ஷோரூம்கள், கிடங்கு, பழைய கார்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டது. குணசேகரன் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். ஹெரால்டை மட்டும் தமக்கு விட்டுவிடச் சொன்னார்.

"பேசிப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுன்னா விட்டுத் தர்றாங்களாம். ஆனா சாவி குடுக்குற அன்னிக்குக் கெடங்குக்குள்ள நிக்கிறதெல்லாம் அவங்களுது" என்றார் கோவிந்தராசு. பிறகு வீட்டார் அனைவரும் கேட்கும்படி, "வண்டியில பொறந்தவன், வண்டி ஓட்டத் தெரியாதவன். நீயே ஓட்டி வெளிய எடு, ஒனக்கு. டிரைவர் எடுத்தா செல்லாது. என்ன சொல்ற?" என்றார்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டது குணசேகரனின் வாய். மற்ற உறுப்புகளை அது கலந்தாலோசிக்கவில்லை.

வானதி கற்றுத்தர முன்வந்தார். ஒரே நாளில் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. வேறு வழியின்றி அப்துல் ஜலீலின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஊருக்கே கார் விற்றவர், தலையில் எல் போர்டு சுமந்த சின்னக் காரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஊர்ந்தார். பழைய வாடிக்கையாளர்கள் பைக்கை நிறுத்தி வணக்கம் சொன்னார்கள். பதில் வணக்கத்துக்காக ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்தார்.

"கும்புடாதீங்க முதலாளி!" என்று அலறினார் ஜலீல். "இதுவும் நீங்க பழம் வெச்சு அனுப்புன வண்டிதான். அந்த ராசியிலதான் இன்னும் உருண்டுக்கிட்டு இருக்கு, கெடுத்துராதீங்க."

எப்படியோ உரிமம் கிடைத்தது. சாவி கொடுக்கும் நாளன்று சென்னைக் கம்பெனி அதிகாரி மர்யம், குடும்பத்தார், ஷோரூம் ஊழியர்கள் எல்லோரும் கிடங்கில் கூடினார்கள். குணசேகரன் ஹெரால்டுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். வலப்பக்கத்தில் ஏறினார். இன்ஜின் உடனே உயிர்பெற்றது. கியரைப் போட்டு, கிளட்சைத் தளர்த்தினார். பழங்கள் சிறப்பாக நசுங்கின. அதே வேகத்தில் ஹெரால்டு கிழக்குச் சுவரை முட்டி நின்றது.

வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறது என்பதும், வாசல் பின்னால் இருக்கிறது என்பதும் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் பழத்தை முன்னால் வைத்த கை, வண்டியையும் முன்னாலேயே விட்டுவிட்டது. பம்பர் சற்றே மடங்கியது. மாலை சுவரில் ஒட்டிக்கொண்டது.

"பழத்தை வெச்சவரே மாட்டிக்கிட்டாரே!" என்று ஊழியர் ஒருவர் சொல்ல, கிடங்கே சிரித்தது. மர்யம் மட்டும் தயக்கத்துடன், "சார், இது நகரலன்னா லிஸ்ட்ல ஏழுன்னே போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

குணசேகரன் பார்வை ரிவர்ஸ் கியரின் மேல் பதிந்திருந்தது. எத்தனையோ பேரை ஆகாது என்று தடுத்தவர் அவர். தம் வண்டிக்கு மட்டும் எப்படி ஆகும்? ஜன்னலோரம் நின்ற வானதி, "ஏங்க, சுவத்த இடிச்சுக்கிட்டா போகப் போறீங்க? பின்னால எடுங்க" என்றார்.

"அது ஆகாதும்மா…"

அப்போது கோவிந்தராசு மேசையிலிருந்த பழக்கூடையை எடுத்தார். முட்டி வலிக்கு மருத்துவர் குனியக் கூடாது என்றிருந்தும், வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் ஒரு பழம் வைத்தார்.

"இன்னிலேருந்து பின்னாடியும் ஆகும். நான் சொல்றேன். எடுடா."

பம்பர் சுவரிலிருந்து பிரிந்தது. பழங்கள் மறுபடி நசுங்கின. ஹெரால்டு இருமுறை அணைந்து, வளைந்து நெளிந்து, வெயிலுக்கு வந்து சேர்ந்தது. மர்யம் ஆறு என்று குறித்துக்கொண்டார். குணசேகரன் இறங்கி அண்ணனைப் பார்த்தார். அண்ணனோ கைக்குட்டையால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூட்டிய கிடங்கின் சாவி கைமாறியது. வீட்டுக்கு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னாலேயே, அதை முந்தும் எண்ணமே இல்லாமல், குணசேகரன் ஓட்டிப் போனார். அவர் பிறந்த பின் இருக்கையில் கோவிந்தராசு காலை நீட்டி அமர்ந்து, "தம்பி, கேட்டு எதுவும் மூடியிருக்கா பாத்துக்க" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் வண்டியை உள்ளே விடும் பொறுப்பை வானதி ஏற்றார். ஹெரால்டு இப்போது தெருவைப் பார்த்து நிற்கிறது. அந்த ஒன்றில் மட்டும் குணசேகரன் விட்டுக்கொடுக்கவில்லை.